பாவம், இயந்திரம்!

'ரோபோவுக்கு ஆன்மா உண்டா?' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவி வந்துவிடுகிறது. கேட்பவருக்கு அந்தக் கேள்வியில் இழப்பதற்கு எதுவும் இல்லை. உண்டு என்று முடிவானாலும் இல்லை என்று முடிவானாலும், மறுநாள் காலை அவர் அதே கைப்பேசியை எடுத்து அதே செயலியைத் திறக்கப்போகிறார்.

கிறிஸ்தவ உலகம் சில வருடங்களாகச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி நிறையவே பேசிவருகிறது. அறிக்கைகள், கருத்தரங்குகள், கையெழுத்து விழாக்கள். அதில் பெரும்பகுதி இந்தக் கொட்டாவிக் கேள்விக்கு வேறு வேறு சட்டை மாட்டிவிட்டதுதான். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சோடு ஒரு சண்டை. நான் கிறிஸ்தவன் இல்லை. கல்யாண அழைப்பு வந்தால் தேவாலயத்துக்குப் போவேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் நம் எல்லோருக்கும் உதவக்கூடிய கூர்மையான கருவி ஒன்று கிறிஸ்தவ மரபிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் வேறு எதையோ வீசிக்கொண்டிருக்கிறார்கள். என் கோபம் அதன்மேல்தான்.

அந்தக் கருவியின் பெயர் பாவம்.

தமிழில் இந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. 'அவன் செய்தது பாவம்' என்றால் குற்றம் ஒருவன் தலையில் ஏறுகிறது. 'பாவம், அவன் என்ன செய்வான்' என்றால் இறங்கிவிடுகிறது. இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் இந்த இரண்டாவது பாவத்தைத்தான் எடுக்கிறோம். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது. நாங்க என்ன பண்றது?" பாவம், அவர் என்ன செய்வார். பாவம், சிஸ்டம்தான் என்ன செய்யும். கடைசியில் உண்மையிலேயே பாவப்பட்டு நிற்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆள்.

முதலில் திருச்சபைகளின் வேடிக்கைகளைப் பார்ப்போம். 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரத் தேவாலயம் ஒன்றில் 300க்கும் மேற்பட்டோர் வழிபாட்டுக்குக் கூடினார்கள். பிரசங்கத்தை ஏறக்குறைய முழுவதும் எழுதியது சாட்ஜிபிடி. பீடத்துக்கு மேலே இருந்த திரையில் மனித முகம்கொண்ட உருவங்கள் தோன்றி அதைப் பேசின. விசுவாசத்தைக் காத்துக்கொள்ள ஒழுங்காகக் கோயிலுக்கு வாருங்கள் என்று ஒரு உருவம் முகத்தில் அசைவே இல்லாமல் சொன்னபோது மக்கள் சிரித்தார்கள். 'பிரசங்கத்தில் உயிர் இல்லை' என்று செய்திகள் வந்தன. உயிரோடு இருக்கும் போதகர்களின் பிரசங்கத்தில் உயிர் ததும்புகிறதா என்று யாரும் கேட்கவில்லை. போகட்டும்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கத்தோலிக் ஆன்சர்ஸ் அமைப்பு 'அருட்தந்தை ஜஸ்டின்' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டது. குருவானவருக்குரிய அங்கியோடு திரையில் உட்கார்ந்திருந்த அந்த உருவம், தான் உண்மையான குரு என்று அடித்துச் சொன்னது. அவசரத்துக்கு கேட்டரேட் பானத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றது. ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பும் வழங்கிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அங்கியைக் கழற்றி, சாதாரண உடை மாட்டி, வெறும் 'ஜஸ்டின்' ஆக்கினார்கள். உலகம் விழுந்து விழுந்து சிரித்தது.

அதே வருடம் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், புனித பேதுரு சிற்றாலயத்தின் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் செயற்கை நுண்ணறிவு இயேசு ஒருவரை இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 100 மொழிகளில் பேசினார். இது கலைப்பரிசோதனைதான், பாவசங்கீர்த்தனம் அல்ல என்று தெளிவாகவே அறிவித்தார்கள். உள்ளே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருந்தது. உங்கள் சொந்த விவரங்களைச் சொல்லாதீர்கள், பேசுவது உங்கள் சொந்தப் பொறுப்பில்.

இந்த எச்சரிக்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது பாவசங்கீர்த்தனக் கூண்டு. சொந்த விஷயத்தைச் சொல்வதற்கென்றே மனிதர்கள் செய்துவைத்த மரப்பெட்டி. அங்கே கேட்டதை வெளியே சொன்னால் குருவுக்குக் கத்தோலிக்கச் சட்டத்தில் மிகக் கடுமையான தண்டனை உண்டு. அதாவது, கேட்பவர் தன்னையே பணயம் வைத்துக் கேட்கிறார். இயந்திரம் உட்கார்ந்ததும் பணயம் இடம் மாறிவிட்டது. இப்போது எல்லாப் பொறுப்பும் பேசுகிறவருடையது. ஜஸ்டின் விஷயத்திலும் அதுதான். கேட்டரேட் ஒரு ஜோக். மன்னிப்பு ஜோக் இல்லை. தவறான மன்னிப்பு கொடுத்தால் அதற்குப் பதில் சொல்ல ஆளே இல்லாத ஒரு நாற்காலி மன்னிப்பு கொடுத்தது. சட்டையை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் கலைந்துபோனார்கள்.

இது ஏன் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள பிரிட்டிஷ் தபால் நிலையங்களுக்குப் போகவேண்டும்.

1999 முதல் பிரிட்டனின் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்பு புகுத்தப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. செயற்கை நுண்ணறிவெல்லாம் இல்லை, வெறும் கணக்கு மென்பொருள். கடைத்தெருவில் சின்னத் தபால் நிலையம் நடத்திவந்த முகவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்களே கட்டவேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். உதவி எண்ணைக் கூப்பிட்டால், 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று பலருக்கும் ஒரே பதில். திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தபால் நிறுவனமே தொடுத்தது. 2010இல் ஒரு கர்ப்பிணிப் பெண் சிறைக்குப் போனார். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்திருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதை லண்டன் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2019 டிசம்பரில்தான்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அந்தக் கணினி சரியாக வேலை செய்தது என்று காட்டவேண்டும் என்ற பழைய விதியை 1999இல் இங்கிலாந்தில் நீக்கினார்கள். அதற்குப்பின் கணினி சரியாகத்தான் வேலை செய்யும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். தவறு என்றால் அதை எதிராளிதான் கிளப்பவேண்டும். கிராமத்துத் தபால்காரர் எங்கே போய் ஃபுஜிட்சுவின் நிரலைத் தோண்டுவார்? கிறிஸ்தவ மொழியில் சொன்னால், மனிதன் ஜென்மப் பாவி, இயந்திரம் அமலோற்பவம். மாசற்றுப் பிறந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2012 முதல் 2019 வரை அந்தத் தபால் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த பாலா வெனல்ஸ், இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். வார நாட்களில் நிறுவனம், ஞாயிற்றுக்கிழமை பீடம். நியாயமாகச் சொல்லவேண்டும்: வழக்குகளில் பெரும்பகுதி அவர் தலைமைக்கு வருவதற்கு முன்பே நடந்தவை. 2024 மே மாதம் விசாரணையில் அழுதபடி சாட்சி சொன்னார். தான் அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகச் சொன்னார். நான் அந்தத் தனிமனிதரைக் கல்லால் அடிக்க இதை எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் 'நாங்கள் பாவம் செய்தோம்' என்று சபையோடு சேர்ந்து சொல்லும் ஒரு மரபில் ஊறியவருக்கு, மனிதர்கள் செய்த ஒரு மென்பொருளும் பாவம் தொட்ட கைகளிலிருந்து வந்ததுதானே என்ற எளிய சந்தேகம் உரிய நேரத்தில் ஏன் வலுவாக எழவில்லை? அவருடைய இறையியல் அலுவலக வாசலில் செருப்போடு கழற்றிவைக்கப்பட்டது ஏன்?

என் பதில் இது. நவீன கிறிஸ்தவம் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும்போது தவறான அதிகாரத்திலிருந்து தொடங்குகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்படுகிறான். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தவறுசெய்துவிட்டு மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறான். திருச்சபைகளுக்கு முதல் அதிகாரம் மிகவும் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபையினர் முன்னின்று 2019 ஏப்ரலில் வெளியிட்ட 12 பகுதிகள் கொண்ட அறிக்கையின் முதல் பகுதியே கடவுளின் சாயல் பற்றியது. வாடிகன் 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்ட 'அன்திகுவா எத் நோவா' என்ற ஆவணமும் மனித அறிவின் மகத்துவத்தை விரிவாகப் பேசிவிட்டுத்தான் மற்றதற்கு வருகிறது. நாம் உயர்ந்தவர்கள், இயந்திரம் நம் அளவுக்கு வராது. கேட்பதற்கு இனிக்கிறது. நிறுவனத் தலைவர்களுக்கும் இனிக்கிறது. யாருக்கும் வலிக்காத இறையியலுக்குக் கையெழுத்துப் போட யார் மறுப்பார்கள்?

உண்மையில் போட்டார்கள். 2020 பிப்ரவரி 28 அன்று ரோமில் வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 'ரோம் அழைப்பு' என்ற உறுதிமொழியை முன்வைத்தது. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் அன்றே கையெழுத்திட்டன. வெளிப்படைத்தன்மை, யாரையும் விலக்காமை, பொறுப்பு, பாரபட்சமின்மை, நம்பகம், பாதுகாப்பு என்று ஆறு கொள்கைகள். பிறகு யூத, முஸ்லிம் தலைவர்கள் வந்தார்கள், 2024இல் ஹிரோஷிமாவில் ஆசிய மதத் தலைவர்கள் வந்தார்கள், சிஸ்கோ நிறுவனம் வந்தது. ஆறு கொள்கைகளிலும் நான் குறை காணமாட்டேன். மீறினால் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்கிறேன். ஒன்றும் நடக்காது. வடிவமைப்பவர்கள், பயன்படுத்துபவர்கள் என்று பன்மையில் ஒரு கூட்டம் நிற்கிறது. கூட்டத்துக்குள் முகம் இல்லை.

இந்த இடத்தில் கிறிஸ்தவம் தன் சொந்தச் சொத்தை மறந்துவிட்டது என்கிறேன். கத்தோலிக்கத் திருப்பலியில் ஒரு பாவ அறிக்கை உண்டு. முழுச் சபையும் சேர்ந்து சொல்லும். ஆனால் ஒருமையில் சொல்லும். ஆயிரம் பேர் நின்றாலும் ஆயிரம் பேரும் 'நான்' என்றே சொல்லி மார்பில் தட்டிக்கொள்வார்கள். 'ஒரு நிரலில் நூறு பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள், யாரைக் குற்றம் சொல்வது?' என்று இன்று புத்திசாலித்தனமாகக் கேட்கிறார்களே, அதற்கு அந்த 'நான்' எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பாவம் என்பது பங்கு போட்டால் குறைகிற சொத்து இல்லை. நூறு பேர் சேர்ந்து செய்தால் நூறு முழுப் பாவங்கள்.

திருச்சபைக்கு இதைச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். 2002இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்திய விவகாரத்தில், குழந்தைகளைச் சீரழித்த குருக்களைப் பங்கு பங்காக இடம்மாற்றிக் காப்பாற்றியதும் ஒரு 'சிஸ்டம்'தான். அங்கேயும் 'நான்' என்ற சொல் வாயில் வர வருடங்கள் ஆயின. நிறுவனத்துக்குப் பின்னால் மனிதன் எப்படி ஒளிவான் என்பது திருச்சபைக்கு உள்ளிருந்தே தெரியும். அதனால்தான் அது சும்மா வாழ்த்துரை வழங்கிவிட்டுப் போகக்கூடாது என்கிறேன்.

முழுக்கவே கோட்டைவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் நடந்த ஜி7 மாநாட்டில் பேசிய போப் பிரான்சிஸ், கைதியை வீட்டுக்காவலுக்கு அனுப்பலாமா என்று நீதிபதிக்கு ஆலோசனை சொல்லும் நிரல்களை உதாரணம் காட்டினார். கைதியின் இனம், படிப்பு, கடன் மதிப்பெண் எல்லாம் அதற்குள் போகிறது என்றார். ஒரு மனித உயிரை எடுக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கக்கூடாது என்றும் தானியங்கி ஆயுதங்களைத் தடைசெய்ய வேண்டும் என்றும் கேட்டார். 'அன்திகுவா எத் நோவா' ஆவணத்திலும், அறம் சார்ந்த பொறுப்பு மனிதருக்கு மட்டுமே உண்டு என்ற வரி உறுதியாக இருக்கிறது. புதிய போப் பதினான்காம் லியோ, 2025 மே மாதம் கர்தினால்களிடம் தன் பெயருக்குக் காரணம் சொன்னபோது, தொழிலாளர் உரிமையைப் பேசிய 1891ஆம் ஆண்டின் சுற்றுமடலையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே சொன்னார். ஆலை முதலாளிக்கு முகம் இருந்த காலத்தின் மடல் அது. முகமில்லாத முதலாளிக்கு எப்படி மடல் எழுதுவது என்பது அவர்முன் இருக்கும் வேலை.

எழுதுவதற்குத் தொடங்குபுள்ளி வேதாகமத்திலேயே இருக்கிறது. லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலிக்கு. மற்றதற்குப் பழைய தமிழ் வேதாகமம் 'போக்காடு' என்று அருமையான ஒரு சொல் வைத்திருக்கிறது. மக்களின் பாவத்தைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிற ஆடு. இன்றைய போக்காடு அல்காரிதம். கடன் மறுக்கப்பட்டதா, வேலைக்கு விண்ணப்பித்தவர் வடிகட்டப்பட்டாரா, ஆட்டின்மேல் போட்டு அனுப்பு. ஆனால் ஒரு வித்தியாசம். ஆரோன் தன் இரண்டு கைகளையும் அந்த ஆட்டின் தலையில் வைத்து, மக்கள் செய்த அக்கிரமங்களை எல்லாம் வாய்திறந்து அறிக்கையிட்ட பிறகுதான் ஆடு போகும். நாம் அறிக்கையைத் தவிர்த்துவிட்டு ஆட்டை மட்டும் விரட்டுகிறோம். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மேய்ப்பர் சமூகத்துக்கு இருந்த நேர்மைகூட நம் நிறுவனங்களுக்கு இல்லை.

'இதெல்லாம் அவங்க பிரச்சினை, நமக்கு என்ன?' என்று நகர நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டிலும் ஒரு போக்காடு கட்டிக்கிடக்கிறது. அதன் பெயர் விதி. எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். சட்டதிட்டத்துக்கும் விதி, தலையெழுத்துக்கும் விதி. அல்காரிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்குமா? யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிய விதி, இந்தப் பக்கம் வந்து சேரும்போது தலைவிதி ஆகிவிடுகிறது. தலைவிதியிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இது பொருந்தும். இயந்திரம் எழுதிய கவிதையில் உயிர் இருக்கிறதா என்று நம் குழுக்களில் நடக்கும் சர்ச்சை, ஃபூர்த் தேவாலயத்துச் சிரிப்பின் தமிழ்ப் பதிப்புதான். நான் உயிரைத் தேடமாட்டேன். ஒரு கட்டுரையில் தவறான தகவல் இருக்கிறது, செத்துப்போன ஒருவரைப் பற்றி அவதூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'அது ஏ.ஐ. கொடுத்ததுங்க' என்று ஆசிரியர் சொன்னால் அந்த நிமிடமே அவர் ஆசிரியர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார் என்று பொருள். எந்தக் கருவியில் எழுதினாய் என்பது இரண்டாம் கேள்வி. இந்த ஒவ்வொரு வரிக்கும் நீ அடிவாங்கத் தயாரா என்பதுதான் முதல் கேள்வி. கீழே போடுகிற பெயருக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆகவே என் கோரிக்கை, விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் பொதுவானது. ஒரு மனிதனின் வேலையை, வீட்டை, விடுதலையைத் தொடும் எந்த இயந்திர முடிவுக்கும் கீழே ஒரு மனிதப் பெயர் இருக்கவேண்டும். துறையின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ போதாது. தேடிப்போய்க் கதவைத் தட்டக்கூடிய பெயர். பெயர் தர முடியாத முடிவை எடுக்காதீர்கள். அடுத்த முறை ரோமில் மேசை போடும்போது ஆறு கொள்கைகளுக்குக் கீழே இதையும் எழுதி நீட்டட்டும். எத்தனை பேனா திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அந்த மூன்றாம் அதிகாரத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். கடவுள் ஆதாமிடம் கேள்வி கேட்கிறார். ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறான். ஏவாளிடம் கேட்கிறார். அவள் பாம்பைக் கைகாட்டுகிறாள். பாம்பிடம் மட்டும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராகச் சாபம்தான். பதில் சொல்லும் கடமை மனிதர்கள் இருவருக்கு மட்டுமே இருந்தது.

நாம்தான் இன்னும் பாம்பைப் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.